டேங்க்குல டார்ச் அடிச்சு பாத்தீங்களா? பழைய இன்ஜின் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்க முக்காவாசி ஒரே கதைதான். பழைய வண்டி, இல்லன்னா பழைய பம்ப்பு இன்ஜின், கார்பரேட்டரை கழட்டி கழுவி மாட்டியாச்சு, ரெண்டு நாள் ஓடுச்சு, மறுபடி நின்னுருச்சு. அதனால எல்லாருக்கும் முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கார்பரேட்டர், அதான் பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான், அழுக்கை தானா உண்டாக்கிக்கறதில்ல, மேல இருந்து வர்றதைத்தான் வாங்கிக்குது. அதனால டேங்க் மூடி, டேங்க், காக் (பெட்ரோலை திறந்து மூடுற திருகு), டியூப், ஃபில்டர், அதுக்கப்புறம்தான் கார்ப். இந்த வரிசையை மாத்தாதீங்க. இனி ஒவ்வொண்ணா போவோம்.

தாராபுரத்துல இருந்து ஒரு வாசகர்: அண்ணே, எங்க சித்தப்பாவோட பஜாஜ் சேத்தக், டூ ஸ்ட்ரோக்கு, குடோன்ல பல வருஷமா கெடந்துச்சு. இப்ப எடுத்து கார்ப் சர்வீஸ் பண்ணி ஓட்டுறேன். நல்லா போகுது, ஆனா அஞ்சு கிலோமீட்டர் தாண்டுனா அடைச்சு அடைச்சு நின்னுருது. பத்து நிமிஷம் விட்டா திரும்ப ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது. காயில் சூடாகி போகுதுன்னு சொல்றாங்க, மாத்தலாமா?

காயிலாவும் (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குறது) இருக்கலாம் தம்பி, ஆனா காசு செலவு பண்றதுக்கு முன்னாடி நடுரோட்லயே பாக்குற மாதிரி ரெண்டு டெஸ்ட் இருக்கு. வண்டி நின்ன அந்த நிமிஷமே, ஆற விடாம, சீட்டை தூக்கி டேங்க் மூடியை திறங்க. "உஸ்"னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு உடனே வண்டி கிளம்புச்சுன்னா மூடியில இருக்குற காத்து ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம், பெட்ரோல் கீழ இறங்க இறங்க மேல காத்து வரணும், வரலைன்னா வேக்கம் புடிச்சு பெட்ரோல் அப்படியே நின்னுரும், பத்து நிமிஷத்துல எங்கயாவது கசிஞ்சு காத்து உள்ள போய் திரும்ப இறங்க ஆரம்பிக்கும், நீங்க சொல்ற கதைக்கு அது அப்படியே பொருந்துது. மூடி திறந்தும் கிளம்பலையா, பிளக்கை கழட்டி பாருங்க. காஞ்சு போயிருந்தா பெட்ரோல் வரல. நனைஞ்சு இருக்கு, ஆனா ஸ்பார்க் இல்லைன்னா அப்ப காயில் பக்கம் போங்க.

மூடி சரியா இருந்தா அடுத்தது காக். கார்ப்ல மாட்டுற டியூப் முனையை உருவி ஒரு கண்ணாடி பாட்டில்ல விட்டு காக்கை திறங்க. தாரை ஒரே சீரா வந்துக்கிட்டே இருக்கணும். முதல்ல வேகமா வந்து அப்புறம் சொட்டு சொட்டா குறைஞ்சா டேங்க்குக்குள்ள இருக்குற ஜாலி, அதான் வலை ஃபில்டர், அடைச்சிருக்கு. அந்த பாட்டிலை அப்படியே கால் மணி நேரம் ஆடாம வைங்க. அடியில செவப்பா மண்ணு மாதிரி உக்காந்தா துரு, கண்ணாடி குண்டு மாதிரி உருண்டு ஓடுனா தண்ணி. இந்த ஒரு பாட்டில் பாதி வைத்தியத்தை சொல்லிடும்.

சேத்தக்ல காக்கை கழட்டுறது கொஞ்சம் வம்பு, ஏன்னா வெஸ்பா வழில வந்த வண்டிங்கறதால நட்டு டேங்க்குக்கு உள்ள இருக்கும். டேங்க்கை வெளிய எடுத்து, பெட்ரோல் ஊத்துற வாய் வழியா நீட்டமா ஒரு டி ஸ்பேனர் விட்டுத்தான் திருப்பணும். அந்த ஸ்பேனர் ஸ்கூட்டர் சாமான் விக்கிற பழைய கடைகள்ல கிடைக்கும், இல்லன்னா லேத்துல ஒரு பாக்ஸ் ஸ்பேனருக்கு கம்பி வச்சு வெல்டு பண்ணி வாங்கிக்கலாம். உளி வச்சு தட்டி மட்டும் எடுக்காதீங்க, டேங்க் அடி தகடு மெலிசு.

கார்ப் ஏற்கனவே சர்வீஸ் ஆச்சுன்னு சொல்றீங்க. இருந்தாலும் ரெண்டு இடம் பாருங்க. பெட்ரோல் டியூப் வந்து மாட்டுற இடத்துல ஒரு போல்ட் இருக்கும், அதை எடுத்தா ஒரு குட்டி வலை ஃபில்டர், நிறைய பேர் அதை தொடுறதே இல்ல. அடுத்து மெயின் ஜெட் (ஜெட்னா பெட்ரோலை அளவா விடுற சின்ன ஓட்டை வச்ச பித்தளை திருகு). இந்த கார்ப்ல ஏர் ஃபில்டரை எடுத்தாலே மேல இருந்து மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் ரெண்டையும் கழட்டலாம், கார்பை இறக்கவே வேண்டாம். மெயின் ஜெட் தனி ஜெட்டு இல்ல, மேல ஏர் ஜெட், நடுவுல ஓட்டை ஓட்டையா ஒரு குழல், அடியில ஜெட், மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி இருக்கும். மூணையும் தனித்தனியா பிரிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாருங்க, ஓட்டை முழு வட்டமா தெரியணும். இன்னொண்ணு, கார்பை திரும்ப மாட்டும்போது அதை புடிச்சிருக்குற ரெண்டு நீள போல்டையும் பலம் காட்டி இறுக்க வேண்டாம். பாடி வளைஞ்சுரும், வளைஞ்சா கீழ காத்து இழுத்து வண்டி தானா ரேஸ் ஆகும், அதுக்கப்புறம் ஸ்க்ரூவை எந்த பக்கம் திருகினாலும் ஐட்லிங் நிக்காது.

விருதுநகர் வாசகர்: ராஜ்தூத் டேங்க் உள்ள பூரா துரு. ஆசிட் ஊத்தி கழுவலாமா? உள்பக்கம் பூச்சு மாதிரி லைனிங் அடிச்சு தர்றோம்னு ஒரு கடையில சொன்னாங்க, நல்லதா?

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். துருவை தின்னுட்டு அப்படியே தகட்டையும் தின்னும், ஏற்கனவே மெலிஞ்ச இடத்துல ஊசி ஓட்டை விழுந்துரும், அது போக கழுவி காய வைக்கறதுக்குள்ள மஞ்சளா புது துரு பூத்துரும். கஷ்டப்பட்டதெல்லாம் வீண்.

நான் சொல்ற முறை மெதுவானது ஆனா டேங்க் பிழைக்கும். முதல்ல காக்கை கழட்டி அந்த ஓட்டையை ரப்பர் கார்க் வச்சு அடைங்க. உள்ள நட்டு போல்ட்டுகளையோ சைக்கிள் செயின் துண்டையோ போட்டு கொஞ்சம் சோப்பு தண்ணி ஊத்தி நல்லா குலுக்குங்க, பொரிஞ்சு நிக்கிற துரு உதிரும், பழைய பெட்ரோல் பிசினும் கழண்டு வரும். போட்ட சாமானை எண்ணி போட்டு எண்ணி எடுங்க. செயின்னா முனையில கம்பி கட்டி வெளிய தொங்க விட்டுக்கோங்க, இல்லன்னா உள்ள ஏதாவது மடிப்புல மாட்டி உங்க உயிரை எடுத்துரும். அப்புறம் எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், மளிகைக்கடையிலயே தூளா கிடைக்குது. வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு டேங்க் வாய் வரைக்கும் ஊத்தி ராத்திரி பூரா விடுங்க. பித்தளை குடத்துக்கு பாட்டி புளி போட்டு தேய்ச்சதும் இதே மாதிரி புளிப்போட வேலைதான், ஆனா டேங்க்ல புளி ஊத்துனா சக்கை ஜாலியில உக்காந்துக்கும், அதனால தூளே நல்லது. காலையில கருப்பா தண்ணி வரும். ஊத்திட்டு, சமையல் சோடா கரைச்ச தண்ணியால ஒரு தடவை கழுவி புளிப்பை முறிச்சு, நல்ல தண்ணியால அலசி, உடனே, டீ குடிச்சுட்டு வர்றேன்னு போகாம, ஹேர் ட்ரையர் வச்சு காய வைங்க. சூடு இருக்கும்போதே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்குறது) கொஞ்சம் ஊத்தி எல்லா பக்கமும் படுற மாதிரி உருட்டுங்க. டேங்க்கை திரும்ப மாட்டி பெட்ரோல் ஊத்துற வரைக்கும் அந்த எண்ணெய் படலம்தான் காவல்.

பேட்டரி சார்ஜர் வச்சு கரண்ட்ல துரு எடுக்குற முறையும் உண்டு. சலவை சோடா தண்ணி, சார்ஜரோட நெகட்டிவ் டேங்க்குக்கு, பாசிட்டிவ் உள்ள தொங்குற ஒரு பழைய இரும்பு கம்பிக்கு, கம்பி டேங்க்கை தொடக்கூடாது. நல்லா வேலை செய்யும், ஆனா அதுல ஹைட்ரஜன் வாயு வரும், அதனால வெட்டவெளியில வச்சு, பீடி சிகரெட் பக்கத்துல வராம பாத்துக்கணும். எவர்சில்வர் கம்பி மட்டும் போடாதீங்க, அதுல இருக்குற குரோமியம் கரைஞ்சு தண்ணி விஷமாயிரும்.

லைனிங் பத்தி என் கருத்து, ஊசி ஓட்டை ஏற்கனவே இருந்தாத்தான் அது தேவை. ஓட்டை இல்லாத டேங்க்குக்கு அடிக்காதீங்க. துருவோ எண்ணெய் பிசுக்கோ கொஞ்சம் மிச்சம் இருந்தாக்கூட லைனிங் புடிக்காது, ஒரு வருஷம் கழிச்சு தோல் தோலா உரிஞ்சு காக்கை அடைக்கும், அதை எடுக்கறது துருவை எடுக்கறதை விட பத்து மடங்கு கஷ்டம். எத்தனால் கலந்த பெட்ரோலை தாங்குமான்னு டப்பா மேல எழுதியிருக்கான்னும் பாத்துக்கோங்க.

ஓட்டையை வெல்டிங்ல அடைக்கலாம்னு யாராவது சொன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. மாசக்கணக்கா காலியா கெடந்த டேங்க்லயும் பெட்ரோல் ஆவி இருக்கும், நெருப்பு பட்டா வெடிக்கும், ஆள் போயிருக்காங்க. அந்த வேலையையே தொழிலா செய்யறவர்கிட்ட மட்டும் குடுங்க.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து விவசாயி ஒருத்தர்: கிணத்து மேட்ல அப்பா காலத்து கிரீவ்ஸ் இன்ஜின் ஒண்ணு இருக்குங்க, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சீமெண்ணெய்ல ஓடுறது. பெட்ரோல்ல நல்லா ஓடுதுங்க, சீமெண்ணெய்க்கு மாத்துனா ஏத்தி ஏத்தி இறக்குது, வெள்ளையா பொகையுது. ஆயில் வேற கூடிக்கிட்டே போற மாதிரி இருக்குங்க.

ஆயில் கூடுதுங்கறதை கடைசியா போகிற போக்குல எழுதியிருக்கீங்க, ஆனா அதுதாங்க முக்கியம். இன்னைக்கே இன்ஜினை நிறுத்திட்டு ஆயிலை மாத்துங்க. சீமெண்ணெய் பெட்ரோல் மாதிரி சும்மா ஆவியாகாது, சூடு வேணும். இன்ஜின் நல்லா காயறதுக்கு முன்னாடி மாத்துனீங்கன்னா எரியாத சீமெண்ணெய் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழ ஆயில்ல போய் சேரும். டிப்ஸ்டிக்ல மட்டம் ஏறும், ஆயில் தண்ணியா போகும், முகர்ந்தா சீமெண்ணெய் வாசம் அடிக்கும். அதோட ஓட்டுனா பேரிங் காலி. அஞ்சு பத்து நிமிஷம் பெட்ரோல்லயே ஓட விட்டு, சிலிண்டர் பக்கத்துல கை வைக்க முடியாத அளவுக்கு சூடு ஏறுன பிறகு மாத்துங்க. நிறுத்தறதுக்கு முன்னாடியும் திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்துங்க. அப்பத்தான் மறுநாள் காலையில கார்ப் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கும், கயிறு இழுத்து தோள்பட்டை போகாது. உங்க அப்பா கண்டிப்பா இப்படித்தான் செஞ்சிருப்பாரு.

ஏத்தி இறக்குறதுக்கு காரணம் பெரும்பாலும் ஜெட்டு பாதி அடைச்சிருக்கறது. எண்ணெய் பத்தாம வேகம் குறையும், கவர்னர் (வேகத்தை ஒரே சீரா வைக்கிற அமைப்பு) உடனே த்ராட்டிலை திறக்கும், வேகம் எகிறும், கவர்னர் மூடும், திரும்ப குறையும், இதே ஆட்டம். கவர்னர் ஸ்பிரிங்கை வளைச்சு சரி பண்ண பாக்காதீங்க, அது பாவம் தன் வேலையைத்தான் செய்யுது. பழைய சீமெண்ணெய் ஜெட்ல பழுப்பா வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கும், சும்மா காத்து அடிச்சா போகாது, கார்ப் கிளீனர்ல ராத்திரி ஊறணும். ரெண்டு டேங்க்கையும் மாத்துற அந்த மூணு வழி காக்கையும் பாருங்க, உள்ள தேஞ்சு போயிருந்தா ரெண்டு எண்ணெயும் கலந்துக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது பெட்ரோல்னு நெனச்சு நீங்க இழுக்குறது பாதி சீமெண்ணெயா இருக்கும். பெட்ரோல் பக்கம் மட்டும் திறந்து டியூப்ல ரெண்டு சொட்டு கையில விட்டு பாருங்க, பெட்ரோல் உடனே ஜில்லுனு பறந்துரும், சீமெண்ணெய் பிசுபிசுன்னு நிக்கும்.

புதுக்கோட்டை வாசகர்: என் பழைய புல்லட் 350ல ராத்திரி காக் மூட மறந்தா காலையில தரை பூரா பெட்ரோல். ஃப்ளோட் நீடில் புதுசு போட்டும் நிக்கல. கார்பே மாத்தணுமா சார்?

மாத்த வேண்டாம் சார். ஃப்ளோட்ங்கறது கார்ப் கிண்ணத்துல இருக்குற மிதவை, பெட்ரோல் மட்டம் ஏறுனா அதுதான் நீடிலை தள்ளி வழியை மூடும். நீடில் புதுசு, ஆனா அது போய் உக்கார்ற சீட்டு பழசுதானே? வருஷக்கணக்கா நீடில் உக்காந்து உக்காந்து சீட்டு தேஞ்சிருக்கும், இல்லன்னா பச்சையா களிம்பு ஏறியிருக்கும், அது மேல எந்த புது நீடிலும் மூடாது. பஞ்சு சுத்துன தீக்குச்சி முனையில கொஞ்சம் பிராஸோ வச்சு கையாலயே சுழட்டி பளபளப்பா ஆக்குங்க, ட்ரில் மிஷின் வேண்டாம். அப்புறம் கழுவிட்டு, கார்பை தலைகீழா பிடிச்சு ஃப்ளோட்டோட கனத்துல நீடில் மூடியிருக்கும்போது டியூப்ல வாய் வச்சு ஊதி பாருங்க. காத்து போகக்கூடாது.

அதுலயும் நிக்கலைன்னா ஃப்ளோட்டை பாருங்க. பித்தளை ஃப்ளோட்டா இருந்தா காது கிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள களக் களக்னு சத்தம் வந்தா பெட்ரோல் உள்ள போயிருச்சு, ஃப்ளோட் மிதக்காது, நீடில் மூடாது. ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்க கொதிக்கிற தண்ணியை அடுப்புல இருந்து இறக்கி தூரமா கொண்டு போய் அதுல ஃப்ளோட்டை முக்குங்க, எங்க இருந்து குமிழி வருதோ அங்கதான் ஓட்டை. உள்ள இருக்குறதை முழுசா வெளிய எடுத்து, நல்லா காய விட்டு, கொஞ்சமே கொஞ்சம் ஈயம் வச்சு பத்த வைங்க. ஈயத்தை அப்பிட்டா ஃப்ளோட் கனமாகி பெட்ரோல் மட்டம் ஏறிடும், அப்ப வண்டி எப்பவும் ரிச்சாவே (பெட்ரோல் கூடுதலா) ஓடும், பிளக் கரி புடிக்கும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டுன்னா ரிப்பேர் கிடையாது, புதுசுதான்.

அப்புறம், காக் மூட மறந்தான்னு எழுதியிருக்கீங்களே, மறக்காதீங்க சார். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போகும். போர்டிகோல வண்டி, உள்ள பூஜை விளக்கு, இது நல்ல ஜோடி இல்ல.

சுன்னாகம், யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு வாசகர்: வணக்கம் அண்ணை. எங்கட அப்பான்ர ஹொண்டா சி50 ஒண்டு வீட்டில நிக்குது. பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாம மண்ணெண்ணையில ஓடினது, கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணைக்கு மாத்துவினம். பிறகு நிண்டது நிண்டதுதான். இப்ப பெற்றோலிலயே திருப்பி ஓட்ட ஆசை. எதில இருந்து தொடங்கிறது?

வணக்கம் தம்பி. இந்த கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். 90கள்ல அங்க மண்ணெண்ணெய்ல வண்டி ஓட்டுன மெக்கானிக்குகளோட கைவேலை பத்தி கேள்விப்பட்டிருக்கேன், அதனால முதல் வேலை கழுவறது இல்ல, அந்த காலத்துல என்னென்ன மாத்தி வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கறது. பெட்ரோல் சொட்டு விடறதுக்கு கார்ப் பக்கத்துலயோ காத்து போற குழாய்லயோ ஒரு சின்ன ஓட்டை போட்டு டியூப் சொருகியிருக்கலாம், அது திறந்து கெடந்தா இப்ப அந்த வழியா காத்து இழுத்து வண்டி ஐட்லிங் நிக்காது. அதை அடைச்சிடுங்க. ஜெட்டு ஓட்டையை பெருசாக்கியிருக்காங்களான்னும் பாருங்க. ஜெட் மேல நம்பர் பொறிச்சிருக்கும், ஆனா ட்ரில் பண்ண ஜெட்ல நம்பருக்கு மதிப்பில்ல, சந்தேகம் இருந்தா மெயின் ஜெட்டும் ஸ்லோ ஜெட்டும் புதுசு வாங்கிடுங்க. 1958ல ஆரம்பிச்ச சூப்பர் கப் குடும்பத்து வண்டி இது, 2017லயே 10 கோடி வண்டி தாண்டிருச்சு, சாமான் இன்னைக்கும் தேடுனா கிடைக்கும்.

இந்த வண்டியில ஒரு விசேஷம், பெட்ரோல் காக் டேங்க்ல இல்ல, கார்ப்லயே இருக்கும். டேங்க்ல இருந்து ரெண்டு டியூப் வரும், ஒண்ணு மெயின், ஒண்ணு ரிசர்வ். மாத்தி மாட்டிட்டீங்கன்னா ஆன்ல வச்சே டேங்க் பூரா காலியாகி, ரிசர்வுக்கு திருப்பும்போது ஒண்ணும் இருக்காது, தள்ளிக்கிட்டுதான் வரணும். கழட்டும்போதே ஒரு டியூப்ல நூல் கட்டி அடையாளம் வைங்க. காக்குக்கு கீழ ஒரு சின்ன கிண்ணம், அதுக்குள்ள வலை, அதுல பழைய மண்ணெண்ணெய் தார் மாதிரி இறுகியிருக்கும், அதோட ஓ ரிங்கும் கல்லு மாதிரி ஆயிருக்கும்.

பெட்ரோல் பக்கம் மட்டும் சரி பண்ணா போதாது. மண்ணெண்ணெய்ல ஓடுன இன்ஜின்ல ஹெட்லயும் எக்ஸாஸ்ட் வால்வ்லயும் சைலன்சர்லயும் கரி கட்டியா உக்காந்திருக்கும். சைலன்சரை கழட்டி சுத்தம் பண்ணுங்க, ஹெட்டை திறந்தா வால்வை லேப் பண்ணிடுங்க, அதாவது அது உக்கார்ற இடத்தோட சேத்து தேய்ச்சு பொருத்திடுங்க. இன்ஜின் ஆயிலை கிளப்புறதுக்கு முன்னாடியே மாத்திட்டு, கொஞ்சம் ஓடுனதும் சீக்கிரமே இன்னொரு தடவையும் மாத்துங்க. அப்பா இருந்தா பக்கத்துல உக்கார வச்சு பண்ணுங்க, எங்க ஓட்டை போட்டாங்கன்னு அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கரூர் வாசகி: எங்க தாத்தா வச்சிருந்த டிவிஎஸ் 50 நல்ல கண்டிஷன்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒரு வருஷமா டியூப் உப்பி வழியுது, கார்ப் பேக்கிங் மாவு மாதிரி ஆகுது, கார்புக்குள்ள வெள்ளை பவுடர். எத்தனால்னு சொல்றாங்க. உண்மையா, என்ன பண்ணலாம்?

எல்லாத்துக்கும் எத்தனாலை திட்டறது இப்ப ஃபேஷன் ஆயிருச்சு, ஆனா உங்க விஷயத்துல நீங்க சொல்ற மூணு அறிகுறியும் அதுக்கு பொருந்துதும்மா. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வரும்போது நம்ம பங்க்ல எத்தனால் கிடையாது, அதுக்கு ஏத்த ரப்பர்தான் போட்டாங்க. 2023 பிப்ரவரியில இ20 ஆரம்பிச்சு, 2025ல கிட்டத்தட்ட எல்லா பங்க்லயும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான்னு ஆயிருச்சு. பழைய ரப்பரும் கார்க் பேக்கிங்கும் அதுல ஊறி உப்பும். வெள்ளை பவுடர் கார்ப் பாடியோட துத்தநாக கலவை அரிச்சு வர்றது, அதுக்கு மூல காரணம் எத்தனால் இழுத்து வச்சிருக்குற ஈரம்.

வண்டியை ஒதுக்க வேண்டாம், ரப்பரை மட்டும் மாத்துங்க. டியூப், காக் வாஷர், ஓ ரிங், நீடில் முனை இதெல்லாம் எத்தனாலை தாங்குற விட்டான் ரப்பர்ல கேட்டு வாங்குங்க, விலை கொஞ்சம் கூட, ஆனா தாங்கும். பெட்ரோலை விட எத்தனாலுக்கு காத்து கம்மியா போதும். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும்னா இ20க்கு சுமார் 13.5தான், ஆனா பழைய கார்புக்கு அது தெரியாது, பழைய கணக்குலயே ஊத்தும். அதனால வண்டி லீனா (பெட்ரோல் பத்தாம) ஓடும், சூடாகும். பிளக் முனை சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தா மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போடுங்க, செங்கல்லும் காப்பியும் கலந்த நிறத்துல இருந்தா தொடவே வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் வச்சிருக்குற எல்லாருமே இதை கவனிக்கணும். எத்தனால் பெட்ரோல்ல தண்ணி ஒரு அளவுக்கு மேல சேந்தா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து தனியா பிரிஞ்சு டேங்க் அடிக்கு போயிரும். நீங்க ஊத்துன 2டி ஆயில் மேல பெட்ரோலோட நின்னுக்கும். காக் எங்க இருந்து இழுக்குது? அடியில இருந்து. அப்ப இன்ஜினுக்கு போறதுல ஆயிலே இல்ல, பிஸ்டன் பிடிச்சுக்கும். மழைக்காலத்துல பாதி டேங்க்கோட மாசக்கணக்கா நிறுத்தி வைக்காதீங்க.

உங்க பங்க் பெட்ரோல்ல எவ்வளவு எத்தனால்னு பாக்கணுமா? அளவு போட்ட கண்ணாடி குடுவையில 20 மில்லி தண்ணி, அது மேல 100 மில்லி பெட்ரோல், மூடி குலுக்கி நிக்க வைங்க. எத்தனால் தண்ணியோட சேந்து கீழ இறங்கும். கீழ் அடுக்கு 40 கிட்ட வந்தா 20 சதவீதம். வெளியில வச்சு பண்ணுங்க, சமையல்கட்டுல இல்ல.

மன்னார்குடி வாசகர்: ஜெட் ஓட்டையை குத்தி விட குண்டூசி போதுமா?

போதாது, கூடவும் கூடாது. ஜெட்டு பித்தளை, ஊசி எஃகு, ஒரு கீறல் விழுந்தாலே அளவு மாறிடும். ஒயர்ல இருந்து ஒரே ஒரு செம்பு இழை, இல்லன்னா மெலிசான தூண்டில் நரம்பு. ரிப்பேர் கிட்ல வர்ற புது ஜெட்டை விட உங்க பழைய ஒரிஜினல் ஜெட்டு பெரும்பாலும் அளவு சுத்தமா இருக்கும், தூக்கி போட்டுறாதீங்க. கம்ப்ரஸர் காத்து அடிக்கும்போது ஃப்ளோட்டையும் நீடிலையும் முதல்லயே கழட்டிருங்க, கண்ணுக்கு கண்ணாடி போடுங்க.

சேலம் வாசகர்: கார்ப் பக்கத்துல இருக்குற சின்ன ஸ்க்ரூவை உள்ள திருகுனா பெட்ரோல் கூடுமா குறையுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ரெண்டு பேர் சொல்றதும் சரி, கார்பை பொறுத்தது. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது பெரும்பாலும் காத்து ஸ்க்ரூ, உள்ள திருகுனா காத்து குறையும், ரிச் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தா அது கலவை ஸ்க்ரூ, வெளிய எடுத்தாத்தான் ரிச். எந்த பக்கமா இருந்தாலும் கழட்டறதுக்கு முன்னாடி உள்ள எத்தனை சுத்து போகுதுன்னு எண்ணி எழுதி வைங்க, முட்டுனதும் நிறுத்துங்க, இறுக்குனா முனை மழுங்கிடும். எண்ண மறந்திருந்தா ஒன்றரை சுத்துல ஆரம்பிங்க.

ஆவடி வாசகர்: அந்த காலத்துல ஸ்கூட்டர் கிளம்பலைன்னா சாய்ச்சு நிமித்துனா கிளம்புமே, அது நிஜமா வேலை செய்யுமா, இல்ல நம்ம மனசு திருப்திக்கா?

நிஜம்தான். சாய்க்கும்போது கிண்ணத்துல ஃப்ளோட் இடம் மாறி கொஞ்சம் பெட்ரோல் கூடுதலா உள்ள போகும், டேங்க்ல அடியில கெடக்குறதும் காக் பக்கம் ஓடி வரும், சோக் போட்ட மாதிரி ஆயிரும். ஆனா தினமும் சாய்ச்சாத்தான் கிளம்பும்னா அங்க பெட்ரோல் வரத்து சரியில்லன்னு அர்த்தம், மேல தாராபுரம் தம்பிக்கு சொன்ன பாட்டில் டெஸ்ட்டை பண்ணுங்க. டேங்க் நிறைய இருக்கும்போது சாய்க்காதீங்க, மூடி வழியா சைலன்சர் மேல ஊத்தும்.

காரைக்குடி வாசகர்: ஆறு மாசம் பையன் வீட்டுக்கு வெளிநாடு போறோம். என் பழைய ஸ்கூட்டரை எப்படி விட்டுட்டு போகணும்?

காக்கை மூடிட்டு வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, கிண்ணம் காலியாகும். கார்ப் அடியில ட்ரெயின் ஸ்க்ரூ இருந்தா அதையும் திறந்து மிச்சத்தை எடுங்க. டேங்க்ல இருக்குற பெட்ரோலை முழுசா இறக்கி தினம் ஓடுற வேற வண்டியில ஊத்திடுங்க, 2டி கலந்ததுன்னா டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மட்டும். காலி டேங்க்ல 2டி ஆயிலை ஊத்தி உருட்டி மூடி வைங்க. பிளக்கை கழட்டி சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் அதே ஆயில் விட்டு கிக்கரை மெதுவா ரெண்டு தடவை அமுக்கி பிளக்கை திரும்ப மாட்டுங்க. சைலன்சர் வாயில துணி அடைச்சு வைங்க, எலி உள்ள போகாது. வந்ததும் கிக்கர் அடிக்கறதுக்கு முன்னாடி முதல்ல அந்த துணியை எடுங்க.